தாத்தாவுக்கு ராக், பேத்திக்கு கே-பாப்: ஒரே மொட்டை மாடியில் பாட்டுக் கச்சேரி வைப்பது எப்படி?

போன வருடம் அப்பாவின் 69வது பிறந்தநாளுக்கு எங்கள் பெரம்பூர் வீட்டு மொட்டை மாடியில் ஸ்பீக்கர் வாடகைக்கு எடுத்துப் பாட்டு போட்டோம். ஒன்றரை மணி நேரத்துக்குள் அப்பா கோபித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். என் மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். பத்தே காலுக்கு வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு மறுநாள் பிளஸ் டூ பரீட்சை.

இந்த வருடம் 70வது பிறந்தநாள். அதே மாடி, அதே ஆட்கள், கிட்டத்தட்ட அதே பாட்டுகள்தான். ஒன்பதே முக்காலுக்கு நிறுத்தியபோது எதிர்வீட்டு அக்கா "அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். இடையில் என்ன மாற்றினேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவருக்கு டீப் பர்ப்பிள் மாதிரி பழைய ஆங்கில ராக் குழு, இன்னொருவருக்கு பிடிஎஸ் மாதிரி கொரிய பாப் (கே-பாப்) குழு என்று இருந்தால் நேராக முதல் படிக்குப் போய்விடுங்கள்.

1. முதலில் இருவரையும் முழுசாகக் கேட்க வையுங்கள்

(நேரம்: ஒரு வாரம். செலவு: இல்லை. தேவை: ஒரு நல்ல ஹெட்போன்.)

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். நேராக "உங்க லிஸ்ட் குடுங்க, உன் லிஸ்ட் குடு" என்று ஆரம்பித்தால் சண்டைதான் வரும். அப்பாவுக்கு கே-பாப் என்றால் மகளின் போனில் ஓடும் இருபது விநாடி ரீல்ஸ்தான். மகளுக்கு அப்பாவின் பாட்டு என்றால் முதல் ஒரு நிமிடம்தான். பிங்க் ஃபிளாய்டு என்ற ராக் குழுவின் 1975 ஆல்பத்தில் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' என்று ஒரு பாட்டு. அதில் குரல் வருவதற்கே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். "தாத்தா, இது எப்போ ஆரம்பிக்கும்?" என்று அவள் கேட்டது கிண்டலுக்காக இல்லை, உண்மையாகவே தெரியாமல்தான். அப்பா அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் வைத்த விதி இது. ஆளுக்கு மூன்று பாட்டு. மற்றவர் அதை ஹெட்போனில் முழுசாகக் கேட்க வேண்டும், இடையில் பேசக் கூடாது. கேட்ட பிறகு நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று சொல்லக் கூடாது. காதில் விழுந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும்.

அப்பா லோகோ ஒர்க்ஸில் (ரயில் இன்ஜின் பணிமனை) முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். கூட வேலை செய்த ஆங்கிலோ இந்திய நண்பர்கள் வழியாகத்தான் அவருக்கு இந்தப் பாட்டுகள் பழக்கம். அவர் பிடிஎஸ்ஸின் 'பட்டர்' பாட்டைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றாமலே, "ஆரம்பத்துல வர்ற பேஸ் நம்ம க்வீன் பாட்டு மாதிரியே நடக்குதே" என்றார். மகள் உடனே க்வீன் என்ற அந்த ராக் குழுவின் பாட்டைத் தேடிப் போட்டாள். எங்கள் வீட்டில் இருவரும் சேர்ந்து கேட்ட முதல் பாட்டு அது.

பிறகு அவள் ஒரு வீடியோவைக் காட்டினாள். கறுப்பு வெள்ளையில், கோட்டு சூட்டு போட்டு பிடிஎஸ் பையன்கள் ஆடிப் பாடுகிறார்கள். 2019 மே மாதம், நியூயார்க்கில் எட் சல்லிவன் தியேட்டரில் எடுத்தது. 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முறை பாடியது எட் சல்லிவன் நடத்திய நிகழ்ச்சியில்தான். இவர்கள் அதே மாதிரி வேடம் போட்டு, அதே பெயருள்ள அரங்கில் நிற்கிறார்கள். பீட்டில்ஸைப் பார்த்து அன்று கத்தி அழுததும் பள்ளிக்கூடப் பெண்கள்தான். அந்த ஏப்ரலில் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் முதல் ஐந்து இடமும் பீட்டில்ஸ் பாட்டுகளே. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ எனக்கு ஒன்பது வயசு. இந்தப் பாட்டெல்லாம் என் காதுக்கு வரவே இன்னும் பத்து வருஷம் ஆச்சு" என்றார். ஒரு காலத்து டீன் பாப்தான் அப்பாவின் கிளாசிக் ராக் ஆகியிருக்கிறது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் ஏறியிருக்காது. அந்த வீடியோவை அவரே பார்த்ததால் ஏறியது.

இந்த வாரத்தில் வீட்டில் இரண்டு பேச்சு வரக் கூடாது. ஒன்று, "இதெல்லாம் ஒரு பாட்டா". இன்னொன்று, "என்ன பாஷைன்னே தெரியல". இரண்டாவதை அப்பா சொன்னபோது அம்மா சமையலறையிலிருந்து, "நான் கல்யாணமாகி வந்தப்போ நீங்க போட்டதுல மட்டும் எனக்கு ஒரு வார்த்தை புரிஞ்சுதா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

2. பாட்டு எண்ணிக்கையில் பங்கு போடாதீர்கள், நிமிடத்தில் போடுங்கள்

போன வருடம் எல்லாம் கெட்டது இங்கேதான். "ஆளுக்குப் பத்து பாட்டு" என்று நியாயமாகத்தான் பிரித்தேன். கணக்கு எப்படி ஆகிறது பாருங்கள்.

அப்பா பக்கம்: 'சைல்ட் இன் டைம்' 10 நிமிடத்துக்கு மேல். 'ஸ்டேர்வே டு ஹெவன்' 8 நிமிடம். 'ஹே ஜூட்' 7 நிமிடத்துக்குச் சற்று மேல். 'ஹோட்டல் கலிஃபோர்னியா' ஆறரை நிமிடம். நான்கு பாட்டுக்கே அரை மணி நேரம் தாண்டிவிட்டது.

மகள் பக்கம்: 'பட்டர்' 2 நிமிடம் 44 விநாடி. 'டைனமைட்' 3 நிமிடம் 19 விநாடி. பிளாக்பிங்கின் 'ஹவ் யூ லைக் தட்' 3 நிமிடம். மூன்றும் சேர்ந்து 9 நிமிடம்.

பத்துக்குப் பத்து என்று போட்டால் தாத்தாவுக்கு ஒரு மணி நேரம் தாண்டும், பேத்திக்கு அரை மணி நேரம்தான் வரும். அவள் வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் அழுததற்குக் காரணம் இதுதான் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இந்த முறை மாலை 7 மணி முதல் 9.45 வரை, மொத்தம் 165 நிமிடம். அப்பாவுக்கு 50, மகளுக்கு 50, அம்மாவுக்கும் வந்தவர்களுக்கும் 30, கேக், சாப்பாடு, பேச்சுக்கு 35. அப்பாவின் 50 நிமிடத்தில் எட்டுப் பாட்டு வந்தது. மகளுக்குப் பதினாறு. அப்பா தன் பட்டியலை வெட்டிக் குறைக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டார். அந்த அவகாசம் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். அம்மாவின் 30 நிமிடம் முழுக்க இளையராஜா. அதை மட்டும் யாரும் எதிர்க்கவில்லை.

ஒரு எச்சரிக்கை: நேரம் பார்க்கும்போது ஆல்பத்தில் வந்த பதிவைப் பாருங்கள். மேடையில் பாடிய லைவ் பதிவு தெரியாமல் பட்டியலில் சேர்ந்துவிட்டால் பாட்டுக்கு இரண்டு மூன்று நிமிடம்கூடக் கூடிவிடும்.

3. தேதி

பிறந்தநாள் வரும் நாளிலேயே வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வடசென்னையில் தேதி பார்க்கும்போது நான்கைத் தவிர்த்துவிடுங்கள்.

மார்ச் முதல் ஏப்ரல் பாதி வரை பொதுத்தேர்வு. நம் தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள், பத்து வீட்டில் ஒரு வீட்டிலாவது பத்தாவதோ பிளஸ் டூவோ படிக்கும் பிள்ளை இருக்கும். ஆடி மாதத்து வெள்ளி, ஞாயிறு: தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், சவுண்ட் செட் வாடகைக்கே கிடைக்காது. கிடைத்தாலும் குழாய் ஸ்பீக்கர் சத்தத்தில் உங்கள் பாட்டு கேட்காது. விநாயகர் சதுர்த்தி வாரமும் அப்படித்தான். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை மழை, மொட்டை மாடியை நம்ப முடியாது.

அப்பாவுக்கு மார்ச்சில் பிறந்தநாள். முன்கூட்டிக் கொண்டாடக் கூடாது என்றார் அம்மா. அதனால் தள்ளி, ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை வைத்தோம். மறுநாள் ஞாயிறு என்பதால் யாருக்கும் காலையில் எழும் அவசரம் இல்லை. வெயில் காலம்தான், ஆனால் ஏழு மணிக்கு மேல் மாடியில் கடல்காற்று வந்துவிடும்.

4. இடமும் காகிதங்களும்

(நேரம்: குறைந்தது பத்து நாள் முன்பே ஆரம்பியுங்கள். செலவு: ஜெராக்ஸ் 40 ரூபாய்.)

சொந்த வீட்டு மாடிதானே, யாரைக் கேட்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அளவு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். பெரம்பூர் ரயில்வே மருத்துவமனைப் பக்கம் குடியிருப்பவர்கள் இதை முதலில் அளந்து பார்த்துவிடுங்கள்.

எங்கள் ஏரியா போலீஸ் ஸ்டேஷனில் நான் கொடுத்தவை: தேதி, நேரம், இடம், எத்தனை பேர் வருவார்கள், எத்தனை ஸ்பீக்கர் என்று எழுதிய விண்ணப்பம், இரண்டு நகல். ஆதார் நகல். வீட்டு வரி ரசீது நகல் (வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம்). சவுண்ட் சர்வீஸ்காரரின் பெயர், போன் நம்பர். உங்கள் ஸ்டேஷனில் வேறு ஏதாவது சேர்த்தும் கேட்கலாம். அதனால் முதல் தடவை போகும்போதே "வேற என்ன வேணும் சார்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் வந்து மூன்று முறை அலைந்தேன். இரண்டாவது நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பெரிய பொறி இது: சவுண்ட் செட் வாடகைக்கு விடுபவர் "பர்மிஷன் எல்லாம் நான் பார்த்துக்கறேன்கா" என்று சொல்வார். போன வருடம் அந்த வார்த்தையை நம்பினேன். போலீஸ் வந்து காகிதம் எங்கே என்று கேட்டபோது அவர் போனை எடுக்கவில்லை. விண்ணப்பம் உங்கள் பெயரில், உங்கள் கையால் போக வேண்டும்.

காகிதத்தைவிட முக்கியம் அக்கம்பக்கம். ஒரு வாரம் முன்பே பக்கத்தில், எதிரில், பின்னால் என எட்டு வீட்டுக்குப் போய், "சனிக்கிழமை ஏழிலிருந்து ஒன்பதே முக்கால், அதோட நிறுத்திடுவோம்" என்று மணி சொல்லி அழைத்தேன். கைக்குழந்தை இருக்கும் வீடு எது, உடம்பு முடியாதவர்கள் இருக்கும் வீடு எது என்று அப்போதே தெரிந்துவிடும். ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்பக் கூடாது என்பதும் அதிலிருந்துதான் தெரியும்.

தெருவை அடைத்துப் பந்தல் போடுவது வேறு வேலை, அதற்குப் போலீஸ் போக மாநகராட்சி அனுமதியும் வேண்டும். ஒரு பிறந்தநாளுக்கு அது வேண்டாம். மாடி இல்லாதவர்கள் மாநகராட்சி சமுதாய நலக்கூடத்தைக் கேட்கலாம். அதற்கு உங்கள் பகுதி மண்டல அலுவலகத்தில் விசாரியுங்கள். தனியார் மண்டபமோ ஹோட்டலோ என்றால் பாட்டு லைசென்ஸ் பற்றி முன்பணம் கொடுக்கும் முன்பே மேனேஜரிடம் கேளுங்கள். பதிவு செய்த ஒலிக்கு பிபிஎல், பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் ஐபிஆர்எஸ் என்று இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்குக் காப்புரிமைச் சட்டத்தின் 52வது பிரிவில் விலக்கு உண்டு, பிறந்தநாளைப் பற்றி அதில் சொல்லவில்லை.

5. சவுண்ட் செட்

வியாசர்பாடியில் ஒரு சவுண்ட் சர்வீஸில் எடுத்தோம். 12 இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு, ஸ்டாண்டு, சின்ன மிக்ஸர், ஒரு மைக், ஒயர்கள். வாடகை 4,500. குட்டி யானையில் ஏற்றி இறக்க 600. முன்வைப்பு (டெபாசிட்) 3,000, திருப்பித் தந்துவிடுவார்கள்.

"பேஸ் பாக்ஸ் ரெண்டு போட்டுக்குங்க, அப்போதான் எடுப்பா இருக்கும்" என்பார்கள். மொட்டை மாடிக்கு வேண்டாம். அடித்தொனி சுவர், தரை எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும். சத்தத்தைக் குறைத்தாலும் கீழ்வீட்டு ஜன்னல் அதிரும். அப்பாவின் பாட்டுகளில் கிட்டாரும் குரலும்தான் முன்னால் நிற்கும். மகளின் பாட்டுகளில் பாதி வேலையை அந்த அடித்தொனிதான் செய்கிறது. போன வருடம் அக்கம்பக்கத்தில் எல்லோரும் "அந்தப் பொண்ணு போட்ட பாட்டுதான் தொல்லை" என்று சொன்னதற்கு இதுதான் காரணம். பழி குழந்தைமேல் விழுந்தது, தப்பு பெட்டியில் இருந்தது.

ஸ்பீக்கரைத் தெருவைப் பார்த்து வைக்காமல் மாடியின் உள்பக்கம் பார்த்து வையுங்கள். கரண்ட்டுக்குக் கீழே மெயினிலிருந்து தனி ஒயர் இழுங்கள். அதை எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். லேப்டாப்பிலிருந்து பாட்டு போடும்போது 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்டால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

6. பாட்டுக் கோப்புகளைச் சமன்படுத்துங்கள்

இந்தப் படியை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

அறுபது, எழுபதுகளில் பதிவான பாட்டுகளில் மெல்லிய இடம் மெல்லியதாகவும் ஓங்கும் இடம் ஓங்கியும் இருக்கும். தொண்ணூறுகளுக்குப் பிறகு பாப் பாட்டுகளை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே உரப்பில் தயார் செய்யும் வழக்கம் வந்தது. ஸ்பீக்கர் குமிழைத் தொடாமலே அப்பாவின் பாட்டு முடிந்து மகளின் பாட்டு தொடங்கினால் சத்தம் ஒரு படி எகிறும். "இதுங்களுக்குக் கத்தத்தான் தெரியும்" என்று அப்பா வருடக்கணக்கில் சொல்லி வந்ததில் பாதி இந்த வித்தியாசம்தான். "தாத்தா பாட்டு தூங்குது" என்று மகள் சொன்னதும் இதுவேதான். இரண்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்து போட்டபோது இரண்டு பேச்சும் நின்றுவிட்டன.

செய்வது எளிது. ஸ்பாட்டிஃபை மாதிரி செயலிகளில் அமைப்புகளுக்குள் சத்தத்தைச் சமப்படுத்தும் நார்மலைசேஷன் வசதி உண்டு, அதை ஆன் செய்யுங்கள். கோப்பாக வைத்திருக்கும் பாட்டுகளை ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் சமப்படுத்தலாம். நாற்பது பாட்டுக்கு எனக்கு ஒரு மாலை ஆனது.

அடுத்தது மோனோ, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருவது. பீட்டில்ஸின் முதல் ஆல்பங்களின் ஸ்டீரியோ பதிப்பில் குரல் ஒரு பக்கமும் வாத்தியம் இன்னொரு பக்கமும் இருக்கும். ஹெட்போனில் அது அழகு. மாடியின் இரு கோடியில் இரண்டு ஸ்பீக்கர் வைத்தால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு வெறும் டிரம்ஸ், படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு வெறும் பாட்டு. போனின் அணுகல்தன்மை அமைப்பில் மோனோ ஆடியோ என்று இருக்கும், ஆன் செய்துவிடுங்கள்.

இலவசச் செயலியில் போட்டால் நடுவில் விளம்பரம் வரும், ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டுங்கள். எல்லாப் பாட்டையும் முதல்நாளே டவுன்லோடு செய்து, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஒயரில் இணையுங்கள். ப்ளூடூத் வேண்டாம். வந்திருக்கும் பிள்ளைகளில் யாராவது தன் போனை இணைத்துவிடுவார்கள்.

7. பழைய கேசட் இருந்தால்

அப்பாவிடம் டிடிகே 90 கேசட்டுகள் பதினொன்று இருந்தன. அந்தக் காலத்தில் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பாட்டு பதிந்து கொடுப்பார்கள், அப்படிச் சேர்த்தவை. பூசணம் பூத்த கேசட்டை அப்படியே போட்டால் பிளேயரின் ஹெட் பாழாகும், மற்ற கேசட்டுக்கும் ஒட்டும். நாடாமேல் வெள்ளையாகத் தெரிந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். பிளேயரில் பெல்ட் தளர்ந்திருந்தால் பாட்டு இழுத்துக்கொண்டு ஓடும். ரிச்சி தெருவில் பெல்ட் மாற்றி, ஹெட் சுத்தம் செய்ய 650 ரூபாய் ஆனது. கணினியில் ஏற்ற, 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடமே ஆகும், குறுக்குவழி இல்லை. நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'சைல்ட் இன் டைம்' அவருடைய கேசட்டில் ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு. நாடா தீர்ந்துபோனதால் ஏழாவது நிமிடத்தில் சட்டென்று அறுந்துவிடும். பி பக்கத்தில் வேறு பாட்டு. மகள் போனிலிருந்து அதே பாட்டைப் போட்டபோது, அந்த இடம் வந்ததும் அப்பாவின் கை தானாக எழுந்து கேசட்டைத் திருப்பப் போவதுபோல நீண்டது. பாட்டு நிற்காமல் மேலே போனது. கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு மிச்ச மூன்று நிமிடத்தையும் கேட்டார். "எங்க முடியுதுன்னு மறந்தே போச்சு" என்றார். மகள் அதற்குப் பிறகு அந்தப் பாட்டை நீளம் என்று சொல்லவில்லை.

8. வரிசை

ஒன்றுவிட்டு ஒன்று போடாதீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் மனநிலை அறுபடும், யாருக்கும் திருப்தி இருக்காது. பதினைந்து முதல் இருபத்தைந்து நிமிடத் தொகுப்புகளாகப் பிரியுங்கள். எங்கள் வரிசை: ஆட்கள் வந்து சேரும்வரை இளையராஜா. அப்புறம் மகளின் முதல் தொகுப்பு, அப்பாவின் முதல் தொகுப்பு, கேக், மகளின் இரண்டாவது, சாப்பாடு, மீண்டும் மகள், கடைசியாக அப்பா. நீளமான பாட்டைச் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள். பசியோடு யாரும் பத்து நிமிடப் பாட்டைக் கேட்க மாட்டார்கள்.

ஒவ்வொரு தொகுப்புக்கும் முன்னால் தேர்ந்தெடுத்தவர் மைக்கில் இரண்டே வரி சொல்ல வேண்டும்: இதை முதலில் எங்கே கேட்டேன்? இந்த வருடம் நான் செய்ததிலேயே நல்ல காரியம் இதுதான். அப்பா, ரயில்வே இன்ஸ்டிட்யூட் (ரயில்வே ஊழியர் மன்றம்) நடன நிகழ்ச்சியில் வாசலில் நின்று கேட்டதைச் சொன்னார். உள்ளே போக அன்று அவரிடம் நல்ல ஷூ இல்லை. எனக்கே அது தெரியாது. மகள், 'டைனமைட்' 2020 ஆகஸ்டில் வந்தது என்றும், அப்போது தனக்குப் பத்து வயது, வீட்டை விட்டு வெளியே போகவே முடியாது, ஆன்லைன் கிளாஸ் முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு இதற்கு ஆடுவேன் என்றும் சொன்னாள். அதுவும் எனக்குத் தெரியாது.

பிடிஎஸ் பாட்டுகளுக்கு ரசிகர்கள் ஏழு பேர் பெயரையும் வரிசையாகக் கூவுவார்கள். அந்தப் பெயர்களைத் தமிழில் எழுதி ஜெராக்ஸ் எடுத்து நாற்காலிக்கு ஒன்று வைத்தோம். பெரியவர்களுக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு "கிம் நம்ஜுன், கிம் சொக்ஜின்" என்று சத்தமாகப் படித்தார்.

9. அன்று மாலை

4 மணிக்கு சாமான் இறங்க வேண்டும். 5.30க்கு மூன்று பாட்டு போட்டுச் சரிபாருங்கள், இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொன்று, ஒரு இளையராஜா. அந்த நேரத்தில் கீழே தெருவில் இறங்கி நின்று நீங்களே கேளுங்கள். போனில் டெசிபல் பார்க்கும் செயலி தோராயமாகத்தான் காட்டும், ஆனாலும் பாட்டு இல்லாதபோதும் இருக்கும்போதும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும். தனியார் இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்கு விதித்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடப் போகக் கூடாது என்பது விதி. குமிழ் நின்ற இடத்தில் ஒரு டேப் ஒட்டி, அதை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு நேரம் எப்போதும் நீளும். நீண்டால் இருவர் பங்கிலும் சரிசமமாகக் குறையுங்கள், ஒருவர் பங்கில் மட்டும் கை வைக்காதீர்கள். எங்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் போனது. ஆளுக்கு ஆறு நிமிடம் என்றேன். அப்பா ஒரு பாட்டையும் மகள் இரண்டு பாட்டையும் விட்டார்கள். 9.45க்கு ஸ்விட்சை அணைத்துவிட்டோம்.

சாப்பாடு தவிர்த்து மொத்தச் செலவு: சவுண்ட் செட் 4,500, வண்டி 600, நாற்காலி நாற்பதுக்கு 400, பிளேயர் ரிப்பேர் 650, ஜெராக்ஸ் 40, எட்டு வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ் 1,200. ஆக 7,390 ரூபாய். செயலிச் சந்தா தனி.

மறுநாள் காலை சாமானைத் திருப்பித் தரும்போது ஒயர்களை அவர் எதிரிலேயே எண்ணிக் கொடுங்கள். வாங்கும்போதே எண்ணி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. எங்கள் முன்வைப்பில் ஒரு மைக் ஒயர் குறைகிறது என்று 350 ரூபாய் பிடித்தார்கள். இரண்டு நாள் கழித்து அது மகளின் அறையில், அவளும் தாத்தாவும் கேசட் பிளேயரை வைத்திருந்த மேசைக்கு அடியில் கிடந்தது. கொண்டுபோய்க் கொடுத்ததும் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.